மந்திரவாதிகளின் ராஜினாமா

1999. நான் பி.காம். இரண்டாம் வருடம். காலேஜ் விட்டதும் நேரே வீட்டுக்குப் போகாமல், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்துவிடுவேன். ஒரு மணி நேரத்துக்கு 40 ரூபாய். பஸ்ஸுக்குக் கொடுத்த காசில் மிச்சம் பிடித்து, மதியம் டீயைத் தியாகம் செய்து சேர்த்த 40 ரூபாய்.

பக்கத்துத் தடுப்புகளில் எல்லோரும் சாட்டிங்கில் முகம் தெரியாத பெண்களிடம் வயசு விசாரித்துக்கொண்டிருப்பார்கள். என் திரையில் மட்டும் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள் ஓடிக்கொண்டிருக்கும். ஓனர் அண்ணன் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் கேட்டேவிட்டார்.

"தம்பி, படமே வரலியே. மெஷின் மக்கர் பண்ணுதா?"

"இல்லண்ணே. இது கேம்."

"இதுவா? பரீட்சை பேப்பர் மாதிரி இருக்கு!"

அவர் சொன்னதில் பாதி உண்மை. அது எழுத்தால் மட்டுமே ஆன விளையாட்டு. 'மட்' என்பார்கள். நீங்கள் உள்ளே நுழைந்ததும், 'நகரத்தின் வடக்கு வாசலில் நிற்கிறாய், காவலன் தூங்குகிறான், கிழக்கே ஒரு சாராயக் கடை' என்று நாலு வரி வரும். 'கிழக்கு' என்று டைப் அடித்தால் கடைக்குள் போய்விடுவீர்கள். அங்கே உங்களைப்போலவே இன்னும் நாலு பேர் இருப்பார்கள். ஒருத்தர் ஸ்வீடனில், ஒருத்தர் டெக்சாஸில், நான் மாடிப்படிக்குக் கீழே. பேசலாம், சிரிக்கலாம், கத்தியை எடுத்துச் சண்டை போடலாம். எல்லாமே எழுத்தில்தான்.

என்னை அங்கே ஒருவன் கொன்றான். அதே வடக்கு வாசலில், தொடர்ந்து மூன்று நாள். நான் உள்ளே வந்ததும் வெட்டுவான். பையில் இருப்பதை எடுத்துக்கொள்வான். மறுபடி பிறந்து வந்தால் மறுபடி வெட்டு. 120 ரூபாய் போச்சு. பொறுக்க முடியாமல், அந்த விளையாட்டை நடத்தியவர்களுக்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரு புகார் எழுதினேன். பதில் வந்தது. சாராம்சம் இதுதான்: 'நாங்கள் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்கிறோம். ஆட்டக்காரர்களின் தகராறில் தலையிடுவதில்லை.'

ரொம்ப நியாயமான பதிலாகத்தான் அன்று பட்டது. நடுநிலை என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று புரிய எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. அதைத்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன்.

முதலில் கொஞ்சம் பூர்வ கதை.

மட் என்ற இந்த வஸ்து பிறந்தது இங்கிலாந்தில், எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில், 1978ல். ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் ஆரம்பித்துவைத்தார். 1980ல் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு முழுமையாக்கியவர் ரிச்சர்ட் பார்ட்டில். ஒரே கம்ப்யூட்டர், அதில் பல முனையங்கள், பல பேர் ஒரே நேரத்தில் ஒரே கற்பனை உலகத்துக்குள் திரியலாம். இன்று கோடிக்கணக்கானவர்கள் ஆடுகிற ஆன்லைன் விளையாட்டுகளுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா அதுதான்.

அந்த முதல் விளையாட்டிலேயே ஒரு வேடிக்கையான ஏற்பாடு. புதையல் சேர்த்துச் சேர்த்துப் புள்ளிகளைக் குவித்துக்கொண்டே போனால், கடைசிப் படியில் நீங்கள் 'விஸார்ட்', அதாவது மந்திரவாதி ஆகிவிடுவீர்கள். அதற்குப் பிறகு கண்ணுக்குத் தெரியாமல் நடமாடலாம். அடுத்தவரை ஒரே கட்டளையில் ஒழிக்கலாம். சுருக்கமாகச் சொன்னால், ஜெயித்தவருக்குப் பரிசு அரசாங்கம்!

நான் காமர்ஸ் படித்தவன். எனக்கு இது எப்படித் தோன்றுகிறது தெரியுமா? சேல்ஸில் டார்கெட் அடித்தவரைக் கூப்பிட்டு, 'பிரமாதம், நாளையிலிருந்து நீங்கதான் ஹெச்.ஆர். மேனேஜர்' என்று சொல்வது மாதிரி. விற்கத் தெரிந்தவருக்கு மனிதர்களை விசாரிக்கவும் தெரியும் என்று யார் சொன்னது? டிராகனைக் கொன்ற கைக்குத் தராசைப் பிடிக்கத் தெரியுமா?

பார்ட்டிலுக்கும் இந்த நடத்துகிற தலைவலி நன்றாகத் தெரியும். 1996ல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையில் வேதம் மாதிரி. மட் ஆடுகிறவர்களைச் சீட்டுக்கட்டின் நாலு ஜாதியாகப் பிரித்தார். புதையலும் புள்ளியும் சேர்க்க வருகிறவர்கள் டயமண்ட். மூலை முடுக்கெல்லாம் தோண்டித் துருவிப் பார்க்க வருகிறவர்கள் ஸ்பேடு. அந்த வார்த்தைக்கு மண்வெட்டி என்று அர்த்தம். பேசிப் பழக வருகிறவர்கள் ஆட்டீன். அடுத்தவனைப் படுத்தி வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கிளாவர். இங்கிலீஷில் அதன் பெயருக்குத் தடி என்றும் ஒரு பொருள்.

நம் கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மொய்க் கணக்கிலேயே கண்ணாக இருக்கிறவர் ஒருத்தர். சமையல்கட்டு வரைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறவர் ஒருத்தர். நாற்காலியை வட்டமாகப் போட்டு மதியம் வரைக்கும் பேசுகிறவர் ஒருத்தர். 'என்னைப் பந்திக்குக் கூப்பிடலை' என்று சண்டைக்கு ஆள் தேடுகிறவர் ஒருத்தர். நாலு பேரும் இருந்தால்தான் அது கல்யாணம்.

பார்ட்டில் சொன்னதில் முக்கியமான விஷயம் வகைப்பாடு அல்ல. இந்த நாலு ஜாதியும் ஒன்றையொன்று பாதிக்கும் என்பதுதான். தடி எடுத்தவர்கள் பெருகினால் பேச வந்தவர்கள் ஓடிப்போவார்கள். எந்தக் கூட்டம் வளர வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதை விளையாட்டை வடிவமைக்கிறவரால் திருகாணி திருகுவதுபோலக் கூட்டிக் குறைக்க முடியும். ஆக, கூட்டம் தானாக அமைவதில்லை. என்னை வடக்கு வாசலில் வெட்டியவனும் தானாக முளைத்தவன் இல்லை. வெட்டினால் பொருள் கிடைக்கும், வெட்டினால் தண்டனை கிடையாது என்று யாரோ எழுதிவைத்திருந்தார்கள்.

எனக்கு இந்தக் கட்டுரையில் ஒரு குறை உண்டு. நாலு வகை ஆட்டக்காரர்களைச் சொன்னவர் ஐந்தாவது ஆளை எந்தச் சீட்டிலும் வைக்கவில்லை. நடத்துகிறவர். அவர் எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறார்? என்ன எதிர்பார்க்கிறார்? அவருக்கு அலுத்துப்போனால் என்ன ஆகும்?

அந்த ஐந்தாவது ஆளின் கதை அமெரிக்காவில் நடந்தது.

பாவெல் கர்ட்டிஸ் என்பவர் கலிஃபோர்னியாவில், ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். 1990ல் அவர் 'லாம்ப்டாமூ' என்ற எழுத்து உலகத்தை ஆரம்பித்தார். தன்னுடைய சொந்த வீட்டையே மாதிரியாக வைத்து ஒரு பங்களா. புதிதாக வருகிறவர் முதலில் கோட்டு மாட்டுகிற இருட்டு அலமாரிக்குள் இருப்பார். கதவைத் திறந்தால் பெரிய ஹால். அங்கே கணப்பு, சோபா, கேட்டதைத் திருப்பிச் சொல்கிற ஒரு கிளி.

இங்கே டிராகன் கிடையாது. புள்ளி கிடையாது. அதற்குப் பதிலாக, வருகிற ஒவ்வொருவரும் தங்களுக்கென்று அறை கட்டலாம், பொருள் செய்யலாம், அது என்ன செய்ய வேண்டும் என்று அங்கேயே ப்ரோக்ராம் எழுதலாம். ஆட்டக்காரர்களே கொத்தனார்கள். நான் படித்த வரையில், எழுத்து விளையாட்டுகளில் இவ்வளவு தாராளமான வடிவமைப்பு குறைவு. எஜமான் வீட்டைக் கட்டிவிட்டு, 'மாடியை நீங்களே கட்டிக்கோங்க' என்று செங்கல்லையும் கொடுத்துவிட்ட மாதிரி.

ஆள் சேரச் சேர வம்பும் சேர்ந்தது. யார் யாரைத் திட்டினார், யார் யாருடைய அறைக்குள் நுழைந்தார், எல்லாப் பஞ்சாயத்தும் மந்திரவாதிகளிடம், அதாவது கர்ட்டிஸிடமும் அவரது சகாக்களிடமும் வந்தது. மனிதர் நொந்துபோனார். 1992 டிசம்பரில் ஓர் அறிவிப்பு எழுதினார். இனி மந்திரவாதிகள் வெறும் டெக்னீஷியன்கள். சமூக விஷயங்களில் முடிவெடுக்க மாட்டார்கள். உங்கள் உலகத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடவுள் ராஜினாமா செய்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்து, 1993 மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை இரவு, அந்த ஹாலில் ஒரு காரியம் நடந்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் இந்த உலகத்தின் இலக்கணத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். இங்கே நீங்கள் 'சிரிக்கிறாள்' என்று ஒரு கட்டளை கொடுத்தால், எல்லோருடைய திரையிலும் 'மீனா சிரிக்கிறாள்' என்று வரும். 'மீனா' என்ற எழுவாயை மெஷின் சேர்த்துக்கொள்கிறது. உங்கள் பெயருக்குப் பின்னால் என்ன வினைச்சொல் வரலாம் என்பது உங்கள் இஷ்டம், உங்கள் இஷ்டம் மட்டும்தான். கையும் காலும் இல்லாத இடத்தில் மனிதருக்கு இருக்கிற ஒரே உடம்பு இதுதான்.

மிஸ்டர் பங்கிள் என்ற பெயரில் உலவிய ஒரு பாத்திரம் அன்றைக்கு இந்த எழுவாயைத் திருடியது. பில்லி சூனியப் பொம்மை என்று பெயரிட்ட ஒரு ப்ரோக்ராம். அதை வைத்து அடுத்தவர் பெயரைப் போட்டு, அவர் செய்யாததைச் செய்வதாக எழுத முடியும். ஹாலில் இருந்த பெண் பாத்திரங்கள் உட்படச் சிலரின் பெயர்களுக்குப் பின்னால், அவர்களே விரும்பிச் செய்வதுபோல, அருவருப்பான பாலியல் வன்முறை வரிகள் வந்துகொண்டே இருந்தன. எல்லோர் கண்ணெதிரிலும். அந்த வரிகளை இங்கே எழுதப்போவதில்லை. கடைசியில் பழைய ஆட்டக்காரர் ஒருவர் வந்து, கூண்டுக்குள் அடைக்கிற ஒரு மாயத் துப்பாக்கியால் அவனைச் சுட்ட பிறகுதான் அது நின்றது.

மறுநாள், பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர், லெக்பா என்ற பாத்திரத்தின் பின்னால் இருந்த சியாட்டில் நகரத்துப் பெண், நடந்ததைப் பற்றிப் பொதுவில் எழுதினார். எழுதும்போது அழுததாகப் பிறகு சொன்னார். 'வெறும் எழுத்துதானே' என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். ஊர்க் கூட்டத்தில் உங்கள் பெயரைச் சொல்லி ஒருவன் அசிங்கமாக ஒரு கதை கட்டினால், அதுவும் வெறும் காற்றுதானே? ஏன் அப்போது மட்டும் முகம் சிவக்கிறது?

மிஸ்டர் பங்கிளைத் தேரையாக்க வேண்டும் என்றார் லெக்பா. அந்தக் காலத்து மட்களில் தண்டனையாக ஆளை நிஜமாகவே தேரை உருவமாக்கி வைப்பார்கள். லாம்ப்டாமூவில் தேரையாக்குவது என்றால், அந்தப் பாத்திரத்தையே அழித்துவிடுவது. அதற்கான கட்டளை மந்திரவாதிகள் கையில் மட்டும்தான் இருந்தது. அந்த மந்திரவாதிகள்தான் ராஜினாமா செய்துவிட்டார்களே!

மூன்றாம் நாள் கூட்டம் போட்டார்கள். ஏறக்குறைய முப்பது பேர் வந்தார்கள். சட்டம் இல்லாமல் தண்டிக்கலாமா, மனசு புண்பட்டால் குற்றமா, தேரையாக்குவது மரண தண்டனை ஆகாதா, ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் இழுத்தார்கள். நடுவில் மிஸ்டர் பங்கிளே கூட்டத்துக்கு வந்தான். ஏதோ மனோதத்துவச் சோதனை மாதிரி செய்து பார்த்தேன், நிஜ வாழ்க்கையில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்கிற தொனியில் பேசிவிட்டுப் போனான். கூட்டம் எந்த முடிவும் எடுக்காமல் கலைந்தது.

கூட்டத்தில் அதிகம் பேசாமல் உட்கார்ந்திருந்த ஒரு மந்திரவாதி அன்றிரவே தனியாக யோசித்து, தனியாக முடிவெடுத்து, தனியாகக் கட்டளையைத் தட்டினார். மிஸ்டர் பங்கிள் காலி.

இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கர்ட்டிஸின் அறிவிப்பு எதைத் தடுக்க நினைத்தது? மந்திரவாதிகள் இஷ்டத்துக்கு முடிவெடுப்பதை. என்ன நடந்தது? ஒரு மந்திரவாதி இஷ்டத்துக்கு முடிவெடுத்தார். வித்தியாசம் ஒன்றுதான். முன்பு அவர்கள் பகிரங்கமாகப் பஞ்சாயத்து செய்தார்கள், திட்டு வாங்கினார்கள். இப்போது முறையும் இல்லை, முன்னறிவிப்பும் இல்லை. அதிகாரத்தை யாரும் கீழே வைக்கவில்லை. அதற்குக் கணக்குக் காட்டும் கடமையை மட்டும் கீழே வைத்தார்கள். கல்லாப்பெட்டிச் சாவியை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, 'நான் கணக்கு எழுதறதை விட்டுட்டேன்' என்று சொல்கிற முதலாளியை எந்த ஆடிட்டர் ஒத்துக்கொள்வார்?

கர்ட்டிஸ் கெட்டவர் இல்லை. சோம்பேறியும் இல்லை. இலவசமாக ஒரு உலகத்தை நடத்திக்கொண்டிருந்த மனிதர். அவருடைய தப்பு நேர்மையான தப்பு. டெக்னிக்கல் விஷயம் ஒரு பக்கம், சமூக விஷயம் ஒரு பக்கம், நடுவே கோடு போட்டுவிடலாம் என்று நம்பினார். எழுத்தால் ஆன உலகத்தில் அந்தக் கோட்டை எங்கே போடுவீர்கள்?

ஓர் உதாரணம். அங்கே செய்கிற ஒவ்வொரு பொருளும் டேட்டாபேஸில் இடம் பிடிக்கும். அதனால் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு இடம்தான் என்று ஒதுக்கீடு உண்டு. கேட்டால் இது டெக்னிக்கல் விஷயம். ஆனால் யாருக்குக் கூடுதலாகக் கொடுப்பது? இப்போது சொல்லுங்கள், இது டெக்னிக்கலா, பட்டா விவகாரமா? அதைத் தீர்மானிக்க ஒரு தனிக் குழுவே வைக்க வேண்டியிருந்தது.

இன்னோர் உதாரணம் இதைவிட முக்கியம். ஒருவர் தொல்லை கொடுத்தால், அவர் எழுதுவது நம் திரையில் வராதபடி அடைத்துக்கொள்ள அங்கே ஒரு கட்டளை இருந்தது. 'அதைப் பயன்படுத்தியிருக்கலாமே, எதற்கு இவ்வளவு ரகளை?' என்று கேட்டவர்கள் உண்டு. கேட்கச் சரியாகத்தான் இருக்கும். யோசித்துப் பாருங்கள். நான் கண்ணை மூடிக்கொண்டால் எனக்குத்தான் தெரியாது. ஹாலில் இருக்கிற மற்ற எல்லோருக்கும் என் பெயரில் அந்த அசிங்கம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இந்தக் கட்டளை பாதிக்கப்பட்டவரைக் காப்பாற்றவில்லை. அவரைத் தன் அவமானத்தைத் தானே பார்க்க முடியாதவராக ஆக்கியது, அவ்வளவுதான். அதை எழுதிய ப்ரோக்ராமர் கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்க மாட்டார். ஆனால், 'தொல்லை என்பது தொல்லைப்படுகிறவரின் பிரச்னை, கொடுப்பவரின் பிரச்னை அல்ல' என்று அந்த வடிவமைப்பு ஒரு தீர்ப்பை எழுதிவிட்டது. நீதிபதி இல்லாமலே தீர்ப்பு!

இந்தக் கதையை உலகத்துக்குச் சொன்னவர் ஜூலியன் டிபெல். 1993 டிசம்பரில் நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகையில் ஒரு நீண்ட கட்டுரை. பிறகு 1998ல் 'மை டைனி லைஃப்' என்ற புத்தகமாக விரித்தெழுதினார். சம்பவத்தன்று அவர் அங்கே இல்லை, கூட்டத்தில் இருந்தார். இன்டர்நெட் என்றால் என்ன என்றே பெரும்பாலோருக்குத் தெரியாத காலத்தில் எழுதியது. இன்று படித்தாலும் ஒரு பக்கம்கூடப் பழசாகவில்லை. இதெல்லாம் பெரிய விஷயமா என்ற சந்தேகத்தோடு ஆரம்பித்து, லெக்பாவின் கோபத்தை மெல்ல மெல்லப் புரிந்துகொண்டதை அவர் மறைக்காமல் எழுதியிருப்பதுதான் அதன் பலம். பத்திரிகைக்காரன் தன் மனசு மாறியதை ஒப்புக்கொள்வது அபூர்வம். எனக்குத் தெரியும், நானும் அந்த ஜாதி.

ஆனால், ஒரு வாசகனாக எனக்கு ஒரு மனக்குறை. டிபெலை இழுப்பது பெரிய கேள்வி: சொல்லுக்கும் செயலுக்கும் நடுவே இருக்கிற சுவர் கரைகிறதா? அருமையான கேள்விதான். அந்த வெளிச்சத்தில், ஓரமாக இருக்கிற சின்னக் கேள்வி மங்கிப்போகிறது: அன்றைக்கு டியூட்டியில் யார்? தத்துவம் நூறு வருஷம் காத்திருக்கும். ஹாலில் நிற்கிற பெண் காத்திருக்க முடியாது.

பிறகு என்ன ஆயிற்று? வெளியூர் போயிருந்த கர்ட்டிஸ் திரும்பி வந்தார். நடந்ததைப் பார்த்துவிட்டு, மனு முறை ஒன்றைக் கொண்டுவந்தார். யார் வேண்டுமானாலும் மனு எழுதலாம். போதுமான கையெழுத்து சேர்ந்தால், மந்திரவாதிகள் அது செய்யக்கூடியதா என்று சரிபார்ப்பார்கள். பிறகு எல்லோரும் ஓட்டுப் போடுவார்கள். எதிர்ப்பைவிட ஆதரவு இரண்டு மடங்கு இருந்தால் அது சட்டம். கணப்பும் கிளியும் இருந்த பங்களாவில் ஜனநாயகம் வந்துவிட்டது! மிஸ்டர் பங்கிள்? வேறு பெயரில் திரும்ப வந்துவிட்டான். அந்தப் பாத்திரத்தின் பின்னால் இருந்தது ஒரே ஆளின் மூளையும் இல்லை; நியூயார்க்கில் ஒரு மாணவர் விடுதியில் ஒருவன் டைப் அடிக்க, பக்கத்தில் நின்றவர்கள் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று பிற்பாடு தெரியவந்தது. வேடிக்கை பார்த்தவர்களும் சேர்ந்து அடித்த கூத்து.

ஜனநாயகமும் சுலபமாக ஓடவில்லை. மனுக்கள், எதிர் மனுக்கள், மத்தியஸ்தர்கள், மத்தியஸ்தர் மீதே வழக்குகள். நம்ம ஊர் ஹவுசிங் சொசைட்டி தேர்தல் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். 1996 மே மாதம் மந்திரவாதிகள் இன்னோர் அறிவிப்பு போட்டார்கள். சமூக முடிவுகளை எடுக்க மாட்டோம் என்று சொன்னது நடைமுறையில் சாத்தியப்படவில்லை, இனி தேவைப்பட்டால் எடுப்போம், எடுத்தால் நாங்கள்தான் எடுத்தோம் என்று சொல்வோம் என்கிற மாதிரி.

பலர் இதை ஜனநாயகத்தின் தோல்வி என்று எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பங்களாவின் மொத்த வரலாற்றிலும் மிக நாணயமான அறிவிப்பு அதுதான். 1992ல் 'நாங்கள் இல்லை' என்றவர்கள், மூன்றரை வருஷம் கழித்து, 'நாங்கள் எப்போதும் இருந்துகொண்டுதான் இருந்தோம்' என்று ஒப்புக்கொண்டார்கள். ஒரு விளையாட்டின் விதிகளில் இதைவிடப் பெரிய விதி கிடையாது. சுவிட்ச் யார் கையில் இருக்கிறதோ, அவர் விளையாட்டில் இருக்கிறார். அதை அழுத்துவது ஒரு முடிவு என்றால், அழுத்தாமல் இருப்பதும் ஒரு முடிவுதான்.

'சார், முப்பது வருஷத்துக்கு முந்தைய பொம்மை விளையாட்டு. இப்ப எதுக்கு?' என்று நீங்கள் கேட்கலாம். பதிலாக என் கதை ஒன்று.

2021. ஊரடங்கு முடிந்தும் முடியாத நேரம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸப் குரூப்புக்கு நான்தான் அட்மின். 'நீங்க பத்திரிகைக்காரர் சார், நாலு எழுத்து தெரிஞ்சவர்' என்று செக்ரட்டரி தலையில் கட்டிவிட்டார். தண்ணீர் லாரி எப்போது வரும், லிஃப்ட் ஏன் ஓடவில்லை, இதுதான் வழக்கமான செய்தி. ஒருநாள் ஒருத்தர், தனியாக வாடகைக்குக் குடியிருந்த ஒரு பெண்ணின் ஃபிளாட் நம்பரைப் போட்டு, அங்கே யார் வருகிறார்கள், எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று ஜோக் மாதிரி ஒன்று எழுதினார். கீழே பத்துப் பதினைந்து சிரிப்பு பொம்மைகள். மறுநாள் இன்னொன்று. அதற்கு மறுநாள் இன்னொன்று.

அந்தப் பெண் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். "சார், நீங்கதானே அட்மின்? கொஞ்சம் பார்க்க முடியுமா?"

நான் எழுதிய பதில் இது: "மேடம், நான் மெம்பர் சேர்க்கிற வேலை மட்டும்தான் பார்க்கறேன். பர்சனல் விஷயத்துல தலையிடறதில்லை. நீங்க அவரை ப்ளாக் பண்ணிடுங்களேன்."

ஒரே குரூப்பில் இருந்தால், ப்ளாக் செய்தாலும் அவர் எழுதுவது கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருக்கும் என்பதுகூட எனக்கு அன்று தெரியாது. பட்டிருக்காவிட்டால் மட்டும் என்ன? மற்றவர்கள் எல்லோரும் படித்துக்கொண்டுதானே இருந்தார்கள். அவர் பதில் போடவில்லை. அன்று மாலை குரூப்பிலிருந்து வெளியேறினார். இரண்டு மாதத்தில் வீட்டையும் காலி செய்துவிட்டார். வேறு காரணமும் இருந்திருக்கலாம். நான் கேட்கவில்லை.

உறுப்பினர் போடுகிற அசிங்கத்துக்கு அட்மின் குற்றவாளி ஆக மாட்டார் என்று 2022ல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டப்படி அது சரி. யாரோ செய்ததற்கு என்னை ஜெயிலில் போடக் கூடாது. ஆனால், அந்த ஜோக்கர் முதல் ஜோக்கைப் போட்டபோது, அவரை நீக்குகிற பொத்தான் என் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. மூன்று நாள் இருந்தது. குறைந்தபட்சம் 'இது சரியில்லை சார், நிறுத்துங்க' என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். நானும் எழுதித்தானே பிழைக்கிறேன்!

லாம்ப்டாமூ கதையை நான் முழுசாகப் படித்தது அதற்குப் பிறகுதான். கர்ட்டிஸின் முதல் அறிவிப்பைப் பற்றிப் படித்தபோது எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று தோன்றியது. 1999ல் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து நான் படித்த பதில். 2021ல் நான் என் கையால் டைப் அடித்து அனுப்பிய பதில். மூன்றும் ஒரே வாக்கியம். முதல் தடவை எனக்கு நஷ்டம் 120 ரூபாய். அந்தப் பெண்ணுக்கு நஷ்டம் ஒரு வீடு.

ஆகவே, நீங்களும் ஏதாவது ஒரு குரூப்பின் அட்மினாக இருந்தால் (யார்தான் இல்லை?) இதைக் கொஞ்சம் யோசியுங்கள். ஆட்டத்தை நடத்துகிறவருக்குப் பார்வையாளர் காலரியில் சீட் கிடையாது.

எங்கள் குரூப்பின் முகப்பில் இப்போது நாலு வரியில் விதிகள் இருக்கின்றன. யார் பெயரையும், ஃபிளாட் நம்பரையும் போட்டுக் கேலி செய்யக் கூடாது என்பது முதல் விதி. மீறினால் யார் நீக்குவார் என்பதும் எழுதியிருக்கிறது. என் பெயர், என் ஃபிளாட் நம்பர், போன் நம்பர். இரண்டு பேரை நீக்கியாகிவிட்டது. அதில் ஒருத்தர் லிஃப்டில் என்னைப் பார்த்தால் சுவர் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

திரும்பிக்கொள்ளட்டும். திட்டு வாங்குவதும் அட்மின் வேலையில் சேர்ந்ததுதான்.